தங்கப் பாதணி யார் காலுக்கு?

மாலை வேளையிற் கல்முனைக் கடற்கரைக்குச் சென்றால் அங்கே உதைபந்தாட்டத்தைக் காணாமல் திரும்புதல் அரிது. மணலில் இரண்டு தடிகளை நட்டால் கோல் கம்பம் ஆயிற்று. மஃரிப் தொழுகைக்குப் பாங்கொலி கேட்டதும் பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கலைந்துவிடுவர்.

அவ்வாறு கலைந்து வந்த என் மாணவன் ஒருவன் அண்மையில் என்னை வழிமறித்து, "சேர், இந்தியன் சூப்பர் லீக்கில் கூடிய கோல் அடித்தவருக்கு வருடந்தோறும் தங்கப் பாதணி கொடுக்கிறார்களே, அதை எந்த இந்தியராவது வாங்கியிருக்கிறாரா?" என்று வினவினான்.

இல்லை என்பதே விடை. 2014 முதல் 2024–25 வரை பதினொரு பருவங்கள் நடந்தேறின. பதினொரு முறையும் பிறநாட்டவரே அப்பரிசைக் கொண்டுசென்றனர்.

இத்தகைய பரிசுகளுள் பெயர்பெற்றது ஐரோப்பியத் தங்கப் பாதணியாகும். பிரான்சின் 'லெக்கீப்' என்னும் விளையாட்டுப் பத்திரிகை அதனை 1968இல் தொடங்கியது. 42 கோல்கள் அடித்த போர்த்துக்கல் வீரர் யூசேபியோ முதன்முதலிற் பெற்றார். அவர் பிறந்ததோ ஆபிரிக்காவின் மொசாம்பிக்கில்!

இந்தியப் பரிசுக்கு வருவோம். முதலிரு முறையும் அது சென்னைக்கே வந்தது என்பது தமிழர்க்கு இனிக்கும் செய்தி. 2014இல் சென்னையின் எஃப்.சி. கழகத்தின் எலானோ 8 கோல்களும், 2015இல் அக்கழகத்தின் மென்டோசா 13 கோல்களும் அடித்தனர். முன்னவர் பிரேசில் நாட்டினர், பின்னவர் கொலம்பியர். 2019–20இல் 15 கோல்களுடன் மூன்றாந் தடவையாகச் சென்னைக்கு அதனைத் தேடித்தந்த வால்ஸ்கிஸ் லிதுவேனியர். அவ்வாண்டு இறுதியாட்டம் தொற்றுநோய் அச்சத்தாற் பார்வையாளரின்றிக் கோவாவில் நடந்தது. கை தட்ட ஆளில்லா அரங்கில் வால்ஸ்கிஸ் ஒரு கோல் அடித்தார். கிண்ணமோ கொல்கத்தாவுக்குப் போயிற்று.

இந்தியருக்குத் திறமை இல்லையா? சுனில் சேத்ரியைப் பாருங்கள். 2017–18இல் பெங்களூருக்காக 14 கோல்கள் அடித்தார். கோவாவின் ஸ்பானியர் கோரோ 18 அடித்துப் பரிசைப் பெற்றார். நாற்பது வயதில், 2024–25இல், சேத்ரி மீண்டும் 14 அடித்தார். அப்போது மொரோக்கோவின் அஜாராய் 23 அடித்துவிட்டார்.

காரணம் ஆட்களத்தின் நடுவிலேயே இருக்கிறது. கோல் அடிக்கும் வாய்ப்பு மிகுந்த இடம் நடு முன்கள வீரருடையது. பணம் கொடுத்துப் பிறநாட்டவரை அழைக்கும் கழகம் முதலில் அவ்விடத்துக்கே ஆள் தேடும். உள்நாட்டு இளைஞன் ஓரத்துக்குத் தள்ளப்படுவான். 2017–18இல் பெங்களூரின் நடுவில் நின்றவர் வெனிசுவேலாவின் மிக்கு. சேத்ரியே ஓரத்தில்தான் பெரும்பாலும் ஆடினார்! ஆரம்பத்திற் களத்தில் நிற்கும் பதினொருவருள் ஆறு பேர் வரை பிறநாட்டவராக இருக்கலாம் என்றிருந்த விதி, 2021–22இல் நால்வர் என்று குறைக்கப்பட்டது. ஆயினும் அந்த நால்வருள் ஒருவர் பெரும்பாலும் நடுவில் நிற்பவரே. விருந்தாளியைத் தலைவாழையிலையில் அமர்த்திவிட்டு, வீட்டுப் பிள்ளை ஏன் மெலிந்திருக்கிறான் என்று கேட்பது போன்றது இது. விருந்தாளிகளால் ஆட்டத்தின் தரம் உயர்ந்ததென்பதையும் நான் மறுக்கவில்லை.

இவற்றையெல்லாம் மாணவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவன், "எங்கள் அணியிலும் அப்படித்தான் சேர். பந்து வாங்கித் தந்தவரின் மகன்தான் எப்போதும் நடுவில் நிற்பான்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலை நோக்கி ஓடினான்.