தேயிலைச் சுவைத்தேர்வும் தோட்டத்து உணவும்: தலவாக்கலையை முன்வைத்து ஒரு நோக்கு

சுவையை ஆராய்வது ஓய்வும் வசதியும் படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. திராட்சை மதுவைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் கலையும், இன்ன மதுவுக்கு இன்ன உணவே பொருந்தும் என வகுக்கும் வழக்கமும் ஐரோப்பிய மேட்டுக்குடியினரின் விருந்து மண்டபங்களோடு இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளன. ஆயினும் அக்கலையின் அடித்தளம் உழைப்புப் பற்றிய அறிவேயாகும். மண்ணின் இயல்பு, மலைச்சரிவு, மழை, பழம் பறிக்கும் நாள், புளிக்கவிடும் காலம் ஆகியவற்றை அறிந்தவனே மதுவின் குணங்குற்றங்களை எடுத்துரைக்க வல்லவன். குடும்பமாகத் திராட்சை பயிரிடும் சிறு உற்பத்தியாளர் தமது மதுவைத் தாமே சுவைத்து, தமது பெயரையே போத்தலிற் பொறித்து விற்கின்றனர். ஊரின் பெயரையும் உற்பத்தி முறையையும் பிணைத்துப் பாதுகாக்கும் ஏற்பாட்டைப் பிரான்ஸ் 1935 இல் சட்டமாக்கியது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில் இதனோடு ஒப்புநோக்கத்தக்க பானம் தேநீர் ஆகும். இதுவும் இடத்துக்கிடம், பருவத்துக்குப் பருவம், கைக்குக் கை வேறுபடும் சுவையுடையது. ஆனால் இவ்வொப்புமை ஓரிடத்தில் முறிந்துவிடுகிறது. தேயிலையை ஆக்குவோர் வேறு. அதனைச் சுவைத்துத் தீர்ப்புக் கூறுவோர் வேறு. இப்பிரிவினை சுவை பற்றிய அறிவையும், ஆக்குவோரின் உணவையும் உடல்நலத்தையும் எவ்வாறு பாதித்துள்ளது என்பதைத் தலவாக்கலையை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பருவமும்

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டமையும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தமையும், அதன்பின் மலைநாடு தேயிலை நாடாக மாறியமையும் பலரும் அறிந்தவை. கொத்மலை ஓயாவின் கரையில் அமைந்த தலவாக்கலை, திம்புள்ளைத் தேயிலைப் பிரதேசத்தைச் சார்ந்தது. 1925 இல் தாபிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இங்குள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,380 மீற்றர் உயரத்தில் இயங்கி வருகின்றது. 1,200 மீற்றருக்கு மேல் விளைவது உயர்நிலத் தேயிலை, 600 மீற்றருக்கும் அதற்கும் இடைப்பட்டது இடைநிலத் தேயிலை, அதற்குக் கீழ்ப்பட்டது தாழ்நிலத் தேயிலை என்பது வழக்கிலுள்ள பாகுபாடு.

திம்புள்ளைத் தேயிலையின் சிறந்த பருவம் தை முதல் பங்குனி வரையுள்ள காலமாகும். அப்போது இரவு குளிர்ந்தும் பகல் வறண்டும் இருக்கும். காய்ந்த காற்று வீசும். தளிரின் வளர்ச்சி மந்தமடைய, மணத்துக்குக் காரணமான பொருள்கள் அதனுள் செறிகின்றன. மழைக்காலத்தில் இதற்கு மாறாகத் தளிர் விரைந்து பெருகும், மணமோ நீர்த்துப்போகும். ஊவாவில் இத்தகைய பருவம் ஆடி முதல் புரட்டாதி வரை அமைகின்றது. எனவே ‘மலைநாட்டுத் தேநீர்’ என ஒரே சுவையைக் குறிப்பிடுதல் பொருந்தாது.

சுவைத்தேர்வின் முறை

கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி நடைபெற்றது. அன்று முதல் தோட்டத்து உழைப்பின் பெறுமதி கொழும்பிலே, சுவைஞரின் மேசையில் மதிப்பிடப்பட்டு வருகின்றது. ஏலம் 2020 இல் மின்னணு முறைக்கு மாறியபோதிலும் நாவின் இடத்தை எக்கருவியும் கைப்பற்றவில்லை.

1980 இல் வெளியான சர்வதேசத் தர நியமமொன்று தேநீரை ஒப்பிடுவதற்கான முறையை வகுத்துள்ளது. 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை எடுத்து, மூடியுள்ள வெண்ணிறப் பீங்கான் பாத்திரத்தில் இட்டு, அப்போதே கொதித்த நீரை ஊற்றி, 6 நிமிடங்கள் ஊறவிட்டு வடித்தல் வேண்டும். இது பருகுவதற்கு உகந்த தேநீர் அன்று. குறைகளை வெளிப்படுத்துவதற்கென வேண்டுமென்றே கடுப்பாக்கப்பட்ட தேநீர். உலர்ந்த தூள், ஊறிய சக்கை, வடித்த சாயம் ஆகிய மூன்றும் தனித்தனியே நோக்கப்படும். சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தைக் காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சுவார். அவ்வாறு உறிஞ்சும்போது சாயம் துளிகளாகச் சிதறி, அதன் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்புறத்தை அடைகின்றது. நாம் சுவை என்று கருதுவதிற் பெரும்பகுதி உண்மையில் மணமே என்பதனால் இச்செய்கை இன்றியமையாததாகின்றது. பின்னர் அவர் அதனை உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குச் செல்வார்.

சுவைஞர் கூறும் ஒவ்வொரு சொல்லும் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஒரு செயலைச் சுட்டுகின்றது. ‘பச்சை வாடை’ என்றால் கொழுந்து போதியளவு வாடவில்லை அல்லது நொதிக்கவில்லை. ‘வெந்த சுவை’ என்றால் உலர்த்தியின் வெப்பம் போதாமையால் கொழுந்து தன் ஈரத்திலேயே வெந்துவிட்டது. ‘கருகல்’ என்றால் வெப்பம் மிகுந்துவிட்டது. ‘சப்பை’ என்றால் நொதித்தல் நீண்டுவிட்டது அல்லது தூள் பழசாகிவிட்டது. இவ்வாறு நோக்குமிடத்து, சுவைத்தேர்வு என்பது உழைப்பை நாவினால் வாசிக்கும் முறையேயாகும். மலையிலும் ‘ஸ்டோரிலும்’ உள்ளோர் பெரும்பாலும் தமிழராயிருந்தும், தொழில் வழக்கில் இச்சொற்கள் யாவும் ஆங்கிலத்திலேயே நிலவுவது ஈண்டு மனங்கொளத்தக்கது.

துவர்ப்பின் இரகசியம்

தமிழ் மரபு துவர்ப்பை அறுசுவையுள் ஒன்றாகக் கொண்டது. நவீன உடற்றொழிலியலோ அதனைத் தொடுகையுணர்வின்பாற் படுத்துகின்றது. தேயிலையின் பொலிபீனோல்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றை வீழ்படிவாக்க, வாயின் வழுவழுப்பு நீங்கி உலர்வும் இறுக்கமும் தோன்றுகின்றன. இதுவே துவர்ப்பு. எனினும் அதனைத் தனியோர் உணர்வாகப் பெயரிட்டு வேறுபடுத்திய மரபு தேநீரைப் பேசுவதற்கு மிகவும் ஏற்றதாகும்.

பச்சைக் கொழுந்திலுள்ள கற்றெக்கின்கள், இலை நசுக்கப்படும்போது நொதியத்தின் துணையோடு ஒட்சியேற்றமடைந்து தேயாபிளேவின், தேயாரூபிஜின் என்னும் சேர்வைகளாகின்றன. முன்னையது சாயத்துக்கு ஒளியையும் விறுவிறுப்பையும், பின்னையது நிறத்தையும் செறிவையும் அளிக்கின்றது. நல்ல சாயம் ஆறும்போது கலங்கிப் பாலாடை போலத் தோன்றுவது கபேயின் இவற்றோடு பிணைவதனாலேயாகும்.

இவை செறிந்திருப்பது இளந்தளிரிலேயே. ஆதலால் சுவையின் முதற்படி ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ பறிக்கும் பெண்ணின் விரல்களில் அமைந்துள்ளது. முற்றிய இலை சேர்ந்தால் விறுவிறுப்புக் குன்றும். கொழுந்து கூடையில் அமுங்கிச் சூடேறினால் நொதித்தல் அங்கேயே தாறுமாறாகத் தொடங்கிவிடும். ஆனால் அவளுடைய நாட்சம்பளம் நிறையோடு பிணைக்கப்பட்டுள்ளது. குறித்த கிலோவை எடுத்தாலே முழுப் ‘பேர்’ விழும், இன்றேல் அரைப்பேர். மென்கொழுந்தை எடுவென்று தோட்டம் கூறுகின்றது. நிறையைக் காட்டென்று தராசு கூறுகின்றது. சுவைக்குரிய மதிப்பு ஏலத்திற் கணக்கிடப்படுகின்றது. நிறைக்குரிய மதிப்பே மலையிற் கணக்கிடப்படுகின்றது. தேயிலையின் தரம் பற்றிய எந்த ஆய்வும் இம்முரண்பாட்டைத் தவிர்த்துச் செல்லவியலாது.

உணவோடு பொருத்தம்

தேநீருக்கும் உணவுக்கும் இடையிலான பொருத்தம் மேற்கூறிய இயல்புகளிலிருந்தே பெறப்படுகின்றது. துவர்ப்பு எண்ணெய்ப் பிசுக்கை நாவிலிருந்து நீக்குமாதலால் விறுவிறுப்பான திம்புள்ளைத் தேநீர் பருப்பு வடைக்கு இசைவானது. பாலிலுள்ள கேசீன் புரதம் பொலிபீனோல்களைப் பிணைத்துத் துவர்ப்பைத் தணிப்பதனால், செறிவுமிக்க தாழ்நிலத் தேயிலையே பாலைத் தாங்கவல்லது. நுவரெலியாவின் மெல்லிய சாயத்திற் பாலைச் சேர்த்தால் அதன் மணம் மறைந்துவிடும். வெறுந்தேநீரோடு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொள்ளும் இலங்கை வழக்கமும் நுட்பமானதே: சீனியைக் கரைத்தால் சாயம் முழுவதும் இனிக்கும், கடித்துக்கொண்டால் இனிப்பும் துவர்ப்பும் மாறிமாறி வர, இரண்டும் தத்தம் தனித்தன்மையை இழப்பதில்லை.

லயத்து அடுப்பங்கரையிலும் இத்தகைய பொருத்தம் உண்டு. காலையில் கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல் அல்லது கட்டச்சம்பல், கேத்தலிற் கொதித்த சாயம் என்பதே பலரின் உணவு. மலைக்குச் செல்லும்போது ரொட்டியும் தேத்தண்ணிப் போத்தலும் உடன் செல்லும். மிளகாயின் காரத்தை உணரும் நரம்புவாய்களே வெப்பத்தையும் உணர்கின்றன என்பது 1997 இல் நிறுவப்பட்டது. சூடான சாயம் சம்பலின் உறைப்பை ஏன் மிகுவிக்கின்றது, குளிர்ந்த காலை வேளையில் ஏன் உடல் முழுவதும் வெம்மை பரவியது போலத் தோன்றுகின்றது என்பன இதனால் விளங்கும். எனினும் இப்பொருத்தம் சுவையின் பொருட்டு மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. நுண்தூள் விரைவில் நிறமூட்டும்; சிறிதளவே பல கோப்பைகளுக்குப் போதும். கோதுமை மா வயிற்றை நிரப்பும். சாயம் பசியை மந்தப்படுத்தும். தெரிவு போலத் தோன்றுவதன் பின்னால் தேவை நிற்கின்றது.

இதிலே நாம் கவனிக்கவேண்டிய ஆபத்தும் உண்டு. உமிழ்நீர்ப் புரதத்தைப் பிணைக்கும் அதே பொலிபீனோல்கள், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தையும் குடலிற் பிணைத்துக்கொள்கின்றன. டிஸ்லர் முதலானோர் தென்னாபிரிக்காவில் நடத்தி 1975 இல் வெளியிட்ட ஆய்வு, பாணோடும் சோற்றோடும் தேநீர் அருந்தும்போது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது பெரிதும் குறைகின்றது எனக் காட்டியது. தோட்டப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக இனங்காணப்பட்ட பிரச்சினையாகும். போதாத உணவும் அடுத்தடுத்த மகப்பேறும் கடும் உழைப்பும் அதற்கு முதன்மைக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. அவற்றோடு ஒவ்வொரு வேளை உணவுடனும் கடுஞ்சாயம் சேரும்போது, உள்ள சிறிதளவு சத்தும் உடலைச் சேராது போகின்றது.

தேநீரைக் கைவிடுமாறு கூறுதல் இதற்குத் தீர்வாகாது. உணவுக்கும் தேநீருக்குமிடையே ஒரு மணித்தியால இடைவெளி இருந்தாலே பாதிப்புப் பெரிதும் குறையும். தேசிக்காய்ப் புளியிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’ இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைபுரியும். கட்டச்சம்பலில் பிழியப்படும் தேசிக்காயும் இடிக்கப்படும் மாசியும் சுவைக்காகச் சேர்ந்தவையாயினும் இவ்வகையிற் பயனுள்ளவையே. ஆனால் மலையில் வேலை செய்பவளுக்கு உண்ணவும் பருகவும் ஒரே இடைவேளைதான் உண்டு என்பதையும், மாசியின் விலையையும் கணக்கிற் கொள்ளாத உடல்நல அறிவுரை வெறும் உபதேசமாகவே முடியும்.

இயற்கைப் பசளையும் குடும்பத் தோட்டமும்

திராட்சைக் கொடியிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை பழம் மட்டுமே பறிக்கப்படுகின்றது. தேயிலைச் செடியிலிருந்தோ ஏறத்தாழ வாரந்தோறும் நைதரசன் செறிந்த தளிர் எடுக்கப்படுகின்றது. 1,000 கிலோகிராம் தேயிலையோடு 40 கிலோகிராமுக்குக் குறையாத நைதரசன் மண்ணை விட்டு நீங்குகின்றது. அதனை ஈடுசெய்யாவிடின் விளைச்சல் வீழும். அளவுக்கு மீறிச் செயற்கைப் பசளை இட்டால் விளைச்சல் பெருகிச் சுவைத்தரம் தாழும். கூட்டெருவும் நிழல்மரங்களும் கொண்டு பல ஆண்டுகளிற் படிப்படியாக மண்ணை வளப்படுத்துவதே இயற்கைமுறைத் தேயிலையின் வழி. 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது இத்தகைய ஆயத்தம் எதுவும் இருக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் தடை நீக்கப்பட்டது. எனினும் 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியனாக வீழ்ந்தது. கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் பேர் விழாது. கொள்கையின் தவறு முதலிற் கூடையிலேயே உணரப்படுகின்றது.

குடும்பமாகத் தேயிலை பயிரிடுவோர் இலங்கையில் இல்லாமலில்லை. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதி இன்று தென்பகுதியையும் சப்ரகமுவாவையும் சார்ந்த சிறுதோட்டக்காரரிடமிருந்தே வருகின்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேயிலையை வளர்த்த தலவாக்கலைத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒரு தேயிலைத் தூரும் சொந்தமில்லை. அவர்களிற் பலர் தம் அறிவுக்கேற்பப் பயன்படுத்தும் நிலம் லயத்தருகேயுள்ள மரக்கறிப் பாத்தி மட்டுமே. மாட்டெரு இட்டு அவர்கள் விளைவிக்கும் கீரையும் போஞ்சியும் லீக்ஸும் இயற்கைமுறை என்னும் பெயரின்றியே பெரும்பாலும் அம்முறையில் விளைபவை. 2015 இன் பின்னர் வீட்டுக்கென 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது; வீடு எழுந்தபின் பயிருக்கு எஞ்சும் நிலம் மிகச் சிறிது. காணி உரிமை என்பது குடியிருப்புப் பிரச்சினை மட்டுமன்று, அது தட்டில் எதுவிருக்கும் என்பதையும், அருந்திய தேநீர் உடலுக்கு உதவுமா ஊறு செய்யுமா என்பதையும் தீர்மானிப்பதாகும்.

முடிவாக இருபணிகளை வலியுறுத்தலாம். ஒன்று, தேயிலைச் சுவைத்தேர்வுக்குரிய கலைச்சொற்களைத் தோட்டத்திலும் ‘ஸ்டோரிலும்’ வழங்கும் பேச்சுவழக்கிலிருந்து தொகுத்து நிலைநிறுத்துதல். மணத்தைக் கொண்டே நொதித்தலின் பதத்தை அறியும் தொழிலாளரின் சொல்வளம் எழுத்திற் பதியப்படாமல் அழிதல் தகாது. மற்றையது, கொழுந்தின் தரத்துக்கும் அதனை எடுப்பவளின் ஊதியத்துக்கும் நேரான தொடர்பை ஏற்படுத்துதல். தான் ஆக்கிய பொருளைச் சுவைத்து, அதன் தரத்தைத் தன் மொழியிற் கூறி, அத்தரத்துக்குரிய விலையைக் கேட்கும் உரிமை சிறு திராட்சைத் தோட்டக்காரனுக்கு இயல்பாகவே உண்டு. அது தலவாக்கலையின் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் கிட்டும் நாளிலேயே தேநீரின் சுவை பற்றிய அறிவு முழுமையடையும்.