சரஸ்வதி வருகிறாள், சித்தப்பா எண்ணுகிறார்!

உஷ்... செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு மெதுவாக வாருங்கள். பாறசாலையில் ரோட்டோரம் எங்கள் வீட்டு முற்றம். ஊரெல்லாம் யானையையும் பல்லக்கையும் பார்க்கக் காத்திருக்கிறது. நாம் எட்டிப் பார்க்கப்போவது அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை!

சித்தி நிலவிளக்குக்குத் திரி போடுகிறாள். அக்கா அளவுப் பறையில் நெல்லை நிறைத்துத் தென்னம்பூக்குலை செருகுகிறாள். சித்தப்பா கையில் நோட்டும் கடிகாரமும்.

“சித்தப்பா, வந்தாச்சாம்!”

“எங்க வந்தாச்சு?”

“பக்கத்துல!”

“பக்கத்துலண்ணா எத்தன கிலோமீட்டர் மக்களே?”

இவர்தான் எங்கள் சர்வேயர் சித்தப்பா. ரிட்டயர் ஆனது உத்தியோகத்திலிருந்து மட்டும்.

வருஷாவருஷம் நவராத்திரிக்கு பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானைமேல் புறப்படுகிறாள். கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்று சொல்வார்கள். கூடவே பல்லக்கில் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றிய பிறகே புறப்பாடு. முதல் ராத்திரி குழித்துறை மகாதேவர் கோயில், மறுநாள் களியக்காவிளை எல்லையில் கேரள போலீஸின் மரியாதை, அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில், மூன்றாம் நாள் திருவனந்தபுரம்.

“அம்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு மூணு நாளா?” இது சித்தப்பா. சாமி குத்தம் என்று சித்தி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நானும் வெகுகாலம் கோபப்பட்டிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, அவருடைய ‘ஏன்’ சண்டைக்கு இழுப்பதில்லை; உள்ளே வரலாமா என்று கதவைத் தட்டுவது. “பல்லக்கு தோளில் வருது, யானை நடந்து வருது, வழி முழுக்க வீட்டுக்கு வீடு பூஜைத் தட்டம் வாங்கணும்” என்று காரணத்தை அடுக்கினேன். மனிதர் குளிர்ந்துபோனார்! பதிலுக்கு அவரே ஒரு விஷயம் எடுத்துவிட்டார்: “தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்குப் போனது 1956 நவம்பர் 1. நெய்யாற்றின்கரை இங்க கேரளத்துலயே நிண்ணுபோச்சு. இந்த எழுந்தருளிப்பு அந்த எல்லைக் கோட்டுக்கும் மூத்தது. அதான் கோடு போட்ட பிறகும் நிக்கல்ல.”

மனிதர்களில் யோசித்து முடிவெடுப்பவர், உணர்ந்து முடிவெடுப்பவர் என்று கார்ல் யுங் 1921-லேயே வகை பிரித்து எழுதிவிட்டார். எங்கள் திண்ணையில் இரண்டு வகையும் ஒரே பாயில்!

அதனால் சித்தப்பாவோடு காலந்தள்ள நான் கற்ற தொழில் ரகசியம்: ‘எக்கச்சக்கக் கூட்டம்’ என்று சொல்லாதே, தலையை எண்ணிச் சொல். ஏற்பாட்டை மாற்றினால் முன்கூட்டிச் சொல், காரணத்தோடு சொல். அவர் மோட்டுவளையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தால் அது முறைப்பு அல்ல, கணக்கு ஓடுகிறது. தயவுசெய்து நடுவில் காப்பி வேண்டுமா என்று கேட்காதே!

இன்றைக்கும் ஒரு ரகளை. பல்லக்குக்காரர்களுக்கான மோர்ப்பானையை நம் வாசலில் வைக்காமல், மேட்டு ரோடு முடிகிற புளியமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். “நாலுபேர் பார்க்க நம்ம வாசல்ல கொடுத்தா என்னவாம்?” என்று சித்தி பொரிந்தாள். சித்தப்பா போன வருஷ நோட்டைப் பிரித்துக் காட்டினார். பல்லக்குக்காரர்கள் மேடேறி மூச்சு வாங்கித் தோள் மாற்றிய இடம், மணியோடு எழுதியிருந்தது.

மேளம் கேட்டது. யானை வந்தது, குலவை எழுந்தது, எனக்குப் புல்லரித்தது. முதல் பல்லக்கு மேடேறியது. சரியாகப் புளியமரத்தடியில் தோள் மாற்றினார்கள்! இஞ்சியும் கறிவேப்பிலையும் மிதந்த மோர் டம்ளர் டம்ளராகக் கைமாறியது. ஒருவர் குடித்து முடித்து, யாருக்கென்று தெரியாமலே பொதுவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார். சித்தி சத்தமில்லாமல் அடுத்த பானையைக் கொண்டுவந்து வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் சித்தப்பா நோட்டைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இருபத்தேழு டம்ளர், சித்தப்பா!”

“இருபத்தெட்டு,” என்றார் எழுதிக்கொண்டே. “நீ குடிச்சத விட்டுட்ட.”