ஒரே கல், அரை மணி நேரம்: அன்னாசிப்பழம் போட்ட சிக்கன் ஃபஹீட்டா

இன்னைக்கு சமையல் எபிசோட். புதன்கிழமை மாதிரி ஒரு நாள், ராத்திரி எட்டரை மணி, கடைசி மீட்டிங் இப்பத்தான் முடிஞ்சிருக்கு, கை தானா டெலிவரி ஆப் பக்கம் போகுது. அந்த ஆர்டர் வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள சமைச்சு முடிக்கக்கூடிய ஒரு சாப்பாடுதான் ஃபஹீட்டா. எழுதும்போது நடுவுல 'ஜே' வரும். ஸ்பானிஷ்ல அதை 'ஹ'ன்னு சொல்லணும்.

இணையத்துல 'ஒரே பாத்திரத்துல ஃபஹீட்டா'ன்னு தேடினா ஆயிரம் வீடியோ வரும். எல்லாத்துலயும் சிக்கன், வெங்காயம், குடைமிளகாய், பழம் எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக் கிளறுவாங்க. வீட்டுல அதையே செஞ்சா சுட்ட வாசனை வர்றதுக்குப் பதிலா ஒரு தண்ணிக் குழம்பு வரும். ஏன் அப்படி ஆகுதுன்னு புரிஞ்சுட்டா ரெசிப்பியே தேவையில்ல. அதுக்கு முன்னாடி, இது எங்கேருந்து வந்ததுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

கூலியா வந்த கறி

ஸ்பானிஷ்ல 'ஃபாஹா'ன்னா இடுப்புல கட்டுற பட்டை. 'ஃபஹீட்டா'ன்னா சின்னப் பட்டை. மாட்டோட உதரவிதானத்துல, பட்டை மாதிரியே நீளமா மெல்லிசா ஒரு துண்டு கறி இருக்கும். அதோட பேர்தான் இது. டெக்சாஸோட தெற்கு ஓரம், மெக்சிகோ எல்லையை ஒட்டின ரியோ கிராண்ட் பள்ளத்தாக்குல, 1930கள்ல பண்ணைகள்ல மாடு மேய்ச்ச மெக்சிகன் தொழிலாளர்களுக்குக் கூலியோட ஒரு பகுதியா மாட்டுத் தலை, தோல், குடல், அப்புறம் யாரும் காசு கொடுத்து வாங்காத இந்தப் பட்டைக் கறி, இதெல்லாம் போகும். நாரு நாரா இருக்குற கறி அது. அதைத் தட்டி, எலுமிச்சை பிழிஞ்சு, விறகு நெருப்புல சுட்டு, நாருக்குக் குறுக்கால மெல்லிசா வெட்டி, ரொட்டியில வெச்சு சாப்பிட்டாங்க.

வெளியுலகத்துக்கு இது வந்தது ரொம்பப் பின்னாடி. ஆஸ்டின்ல இறைச்சிக் கடை நடத்திட்டிருந்த சன்னி ஃபால்கன், 1969 செப்டம்பர்ல கைல்ங்கிற சின்ன ஊர்ல ஒரு திருவிழாவுல ஃபஹீட்டா டாக்கோ கடை போட்டார். வியாபாரமா இதை முதல்ல வித்தவர்னு பொதுவா அவரைத்தான் சொல்லுவாங்க. 1973ல ஹூஸ்டன்ல நின்ஃபா லாரென்சோ, தன்னோட டோர்ட்டியா தயாரிப்புக் கூடத்தோட முன்பக்கத்துல ஒரு சின்ன உணவகம் திறந்து, இதே கறியை டாக்கோவா கொடுத்து ஊரையே இழுத்தாங்க. 1982ல ஆஸ்டின் ஹயட் ரீஜென்சி ஹோட்டல்ல ஜார்ஜ் வைட்மேன்ங்கிற செஃப் 'சிஸ்லிங் ஃபஹீட்டா'ன்னு மெனுவுல போட்டார். அதுக்கப்புறம் அந்தப் பட்டைக் கறியோட விலையே ஏறிடுச்சு. ஒருகாலத்துல கூலிக்குப் பதிலா தள்ளிவிட்ட துண்டை, அதே ஊர் ஜனங்க காசு கொடுத்து வாங்க யோசிக்க வேண்டியதாச்சு. எனக்கு இந்தக் கதையில உறுத்துற இடம் இதுதான்.

சரி, கோழிக்கு அப்படி ஒரு பட்டையே கிடையாது. 'சிக்கன் ஃபஹீட்டா'ங்கிற பேரே ஒரு முரண்தான். டெக்சாஸ்ல இதைக் கேட்டா முகம் சுளிக்கிறவங்க இன்னும் இருக்காங்க. நமக்குப் பரவாயில்ல.

தண்ணிதான் வில்லன்

இப்ப கொஞ்சம் இன்ஜினியரிங். கறி சிவந்து மணம் வரணும்னா மேல்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டணும். தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். கல்லுல தண்ணி நிக்கிற வரைக்கும் அந்த இடத்தோட சூடு 100ஐத் தாண்டாது. அவ்வளவுதான் விஷயம். குடைமிளகாய்ல 90 சதவீதத்துக்கு மேல தண்ணி. வெங்காயம், அன்னாசி ரெண்டும் அதுக்குக் கிட்டத்தட்ட. பச்சைச் சிக்கன்லயே முக்கால் பங்கு தண்ணிதான்.

ஒரு கிராம் தண்ணியை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேணும். 2 கிலோ இரும்பு தோசைக்கல்லை 230 டிகிரி வரைக்கும் காய வெச்சீங்கன்னு வெச்சுக்குவோம். அது 100 டிகிரிக்கு இறங்குறதுக்குள்ள வெளிய கொடுக்கிற வெப்பத்தைக் கணக்குப் போட்டா, ஆவியாக்கக் கூடிய தண்ணி 50 கிராம்தான். கால் டம்ளர்! அடுப்புலேருந்து 1 கிலோவாட் நிஜமா கல்லுக்குப் போய்ச் சேருதுன்னா, அதுக்கு மேல நிமிஷத்துக்கு 25 கிராம் சொச்சம். ஒரு கிலோ பொருளை ஒரேயடியா கொட்டினா கல்லோட சேமிப்பு முதல் நிமிஷத்துலயே காலி. மிச்ச நேரம் பூரா நீங்க சிக்கனை அவிச்சுட்டிருக்கீங்க.

அதனால 'ஒரே பாத்திரம்'னா கழுவ வேண்டியது ஒண்ணுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுல எல்லாம் ஒரே நேரத்துல போகணும்னு இல்ல. மூணு தவணையா போடுங்க. ஒவ்வொரு தவணைக்கு முன்னாடியும் கல்லு திரும்பச் சூடாகட்டும்.

பாத்திரம் கனமா இருக்கணும்: காஸ்ட் அயர்ன் தவா, இரும்பு தோசைக்கல், அடி தட்டையான இரும்புக் கடாய், எது இருந்தாலும் சரி. நான்-ஸ்டிக் வேண்டாம். அதோட பூச்சு 260 டிகிரிக்கு மேல சிதைய ஆரம்பிக்கும். காலி பாத்திரம் பெரிய தீயில அந்தச் சூட்டைச் சீக்கிரமே எட்டிடும்.

பழம் எதுக்கு?

கறியோட பழம்னதும் சிலருக்குப் பீட்சா சண்டை ஞாபகம் வரும். மெக்சிகோவுல இது புதுசே இல்ல. லெபனான்லேருந்து குடியேறினவங்க கொண்டு வந்த ஷவர்மா, அங்க பன்றிக்கறியோட 'அல் பாஸ்தோர்' டாக்கோ ஆச்சு. அது மேல சுட்ட அன்னாசி வைக்கிறது வழக்கம். மாங்காய்ல மிளகாத்தூள், உப்பு போட்டு மெரினாவுல நாம சாப்பிடுறதை, அவங்க எலுமிச்சையும் சேர்த்துத் தெருவுல விக்கிறாங்க. இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம் சேர்ற அந்த ருசி நம்ம நாக்குக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

ஆனா அன்னாசியை மசாலாவோட சேர்த்து ஊற வைக்காதீங்க. அதுல புரோமிலைன்ங்கிற என்சைம் இருக்கு. அது புரதத்தை வெட்டும். கபாபுக்குப் பச்சை பப்பாளி அரைச்சுத் தடவுறோமே, அங்க வேலை செய்யுறது பப்பாயின். ரெண்டும் ஒரே மாதிரி வேலைதான். கெட்டியான மாட்டுக்கறிக்கு அது சரி. மென்மையான கோழியை ஒரு மணி நேரம் விட்டா மேல்பக்கம் மாவு மாதிரி குழைஞ்சுடும். ஜெல்லியில ஃப்ரெஷ் அன்னாசி போட்டா உறையாம போறதும் இதனாலதான். டின்ல வர்றது ஏற்கெனவே சூடு பட்டதால அதுல உறையும். 70 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் சூடு பட்டாலே என்சைம் செத்துடும். அதனால பழத்தைக் கல்லுல சுட்டு, கடைசியில சேர்க்கணும்.

செய்முறை

ரெண்டு மூணு பேருக்கு அரைக் கிலோ சிக்கன். கடையில "தொடைப் பகுதி, எலும்பும் தோலும் எடுத்துக் கொடுங்கண்ணா"ன்னு கேளுங்க. நெஞ்சுக்கறி சீக்கிரம் காஞ்சுடும், தொடை மன்னிக்கும். முக்கியமா, துண்டு போடாதீங்க. முழுசா, தட்டையா விரிச்சு வைங்க. துண்டு போட்டா வெட்டுப்பட்ட பரப்பு அதிகம், தண்ணியும் அதிகமா விடும். டெக்சாஸ்லயும் முழுசா சுட்டு அப்புறம்தான் வெட்டுவாங்க.

ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், ஒரு டீஸ்பூன் காஷ்மீரி மிளகாத்தூள், ரெண்டு பல் பூண்டு நசுக்கினது, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். பீட்சாவோட வந்து டிராயர்ல கிடக்குற ஒரிகானோ பாக்கெட்டுக்கு இன்னைக்கு விடுதலை. இதைத் தடவி வெச்சுட்டு, ஒரு பெரிய வெங்காயம், ரெண்டு குடைமிளகாய், கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா அன்னாசி எல்லாத்தையும் விரல் தடிமனுக்கு வெட்டுங்க. ஊறுறதுக்கு இந்த நேரமே போதும். எலுமிச்சை இப்ப வேண்டாம், கடைசியில.

கல்லை நல்லா காய வைங்க. தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடணும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க, புகை வரும். கடலெண்ணெய் ஒரு ஸ்பூன். சிக்கனை இடைவெளி விட்டு வைங்க, இடம் பத்தலைன்னா ரெண்டு தடவையா. அஞ்சு நிமிஷம் தொடவே கூடாது. ஒட்டியிருந்தா இன்னும் சிவக்கலைன்னு அர்த்தம், தானா விட்டுக்கொடுக்கும். திருப்பி இன்னொரு நாலஞ்சு நிமிஷம். தெர்மாமீட்டர் இருந்தா தடிமனான இடத்துல 74 டிகிரி. இல்லைன்னா வெட்டிப் பாருங்க, உள்ள ரோஸ் நிறம் இருக்கக் கூடாது. சுத்தமான தட்டுக்கு மாத்திடுங்க, பச்சைக்கறி வெச்ச தட்டு வேண்டாம்.

அடுத்து வெங்காயம், குடைமிளகாய். கல்லுல ஒட்டியிருக்குற பழுப்பு நிறப் படலம்தான் மொத்த சாப்பாட்டோட ருசி. காய் விடுற கொஞ்ச ஈரத்துலயே அதைச் சுரண்டி எடுத்துடலாம். பெரிய தீ, நாலு நிமிஷம். ஓரம் கருகி உள்ள கடிபடணும். எடுத்து வைங்க. கடைசியா அன்னாசி, பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். பழத்தோட சர்க்கரை கல்லுல ஒட்டிக் கருகும். முதல்லயே போட்டா அந்தக் கசப்பு எல்லாத்துலயும் ஏறிடும்.

அதுக்குள்ள ஆறியிருக்குற சிக்கனை நாருக்குக் குறுக்கால வெட்டி, தட்டுல தேங்கின சாறோட திரும்பக் கல்லுல போட்டு, காயையும் சேர்த்து ஒரு நிமிஷம். அடுப்பை அணைச்சுட்டு ஒரு எலுமிச்சை, ஒரு கை கொத்தமல்லி. ஹோட்டல்ல வர்ற அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம், சூடான இரும்புல ஈரம் படுறதுதான். அது வெந்து முடிஞ்ச கறிக்குக் காட்டுற ஷோ. நம்ம வீட்டுல அது முதல் நிமிஷத்துலயே கேட்கணும்.

டோர்ட்டியாவுக்குப் பதிலா சப்பாத்தி தாராளமா ஓகே. கோதுமை டோர்ட்டியாவுல கொழுப்பு சேர்த்துப் பிசையுறதாலதான் மடிச்சாலும் உடையாது. அதனால சப்பாத்தி மாவுல ஒரு கப்புக்கு ரெண்டு ஸ்பூன் எண்ணெயும் வெந்நீரும் விட்டுப் பிசைங்க. பக்கத்துல கெட்டித் தயிர்ல உப்பு, எலுமிச்சை. பட்டர் ஃப்ரூட் கிடைச்சா மசிச்சுக்கோங்க.

அன்னாசி கிடைக்கலைன்னா, கொஞ்சம் காயா இருக்குற பங்கனப்பள்ளி மாம்பழம். அதைச் சுட வேண்டாம். பொடியா நறுக்கி வெங்காயம், பச்சை மிளகாயோட பச்சையாவே மேல தூவுங்க. தர்பூசணி வேண்டவே வேண்டாம், காரணம் மேல சொன்ன தண்ணிக் கணக்குதான்.

மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்க்குப் போகட்டும். சுட்ட அன்னாசியோட இருந்தா மறுநாள் லஞ்ச் பாக்ஸ்லயும் சிக்கன் அப்படியே இருக்கும். பச்சை அன்னாசி கலந்து வெச்சிருந்தா, காலையில திறக்கும்போது கறி கூழா இருக்கும்.