அம்மாவின் முகமும் ஒளியுணரியும்

இரண்டாமாண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி மாணவர்க்குக் கங்கைகொண்ட சோழபுரம் புதியதன்று. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அக்கோயிலுக்குச் சென்ற கோடை விடுமுறையில் அம்மாவுடன் போயிருந்தேன். வடக்கு வாயிலருகே, சண்டிகேசுவரருக்குச் சிவபெருமான் மாலை சூட்டும் சிற்பத்தின் பக்கத்தில் அம்மாவை நிழலில் நிற்கவைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தேன். வெயில் காயும் வெளிப்புறம் பளிச்சென்று விழுந்தது. அம்மாவின் முகமோ மை பூசியதுபோல் இருண்டது. முகம் தெரியுமாறு ஒளியைக் கூட்டினால், வானம் வெள்ளைத் தாளாயிற்று.

"நான் கறுப்புதானப்பா, வேற எப்படி விழும்?" என்றாள் அம்மா.

உடன் வந்திருந்த பெரியப்பா மகன் செயங்கொண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்பவர். அவர் தம் பெரிய கேமராவில் அதே இடத்தில் எடுத்த படத்தில் வானமும் இருந்தது, அம்மாவின் முகமும் இருந்தது. காரணம் என்ன? சற்றுச் சிந்திப்போம்.

கேமராவுக்குள் பிலிம் இருந்த இடத்தில் இன்று இருப்பது ஒளியுணரி. 'புல் பிரேம்' எனப்படும் பெரிய உணரியின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. பல கைப்பேசிகளின் உணரியோ சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. உணரியில் உள்ள நுண்கட்டங்களை மழையில் வைத்த பாத்திரங்களாகக் கொள்வோம். ஒளியே மழை. டம்ளர் விரைவில் நிரம்பி வழியும், அண்டா தாங்கும். வழிந்த இடமே படத்தில் வெறும் வெள்ளை. அடியில் எப்போதும் இருக்கும் ஈரக்கசிவே இரைச்சல். அதனினும் குறைவாக விழுந்த துளியைப் பிரித்தறிய இயலாது, அதுவே கருமை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலான விகிதமே 'டைனமிக் ரேஞ்ச்'. விகிதம் இரட்டிக்கும்தோறும் ஒரு 'ஸ்டாப்' கூடும்.

ஒரு கணக்கு: பெரிய கட்டம் 48,000 எலக்ட்ரான்களைத் தாங்கும், இரைச்சல் 3 எனக் கொண்டால், விகிதம் 16,000; ஏறத்தாழ 14 ஸ்டாப். சிறிய கட்டம் 6,000 தாங்கும், இரைச்சல் அதே 3 எனில், விகிதம் 2,000. ஏறத்தாழ 11 ஸ்டாப். அந்த மூன்று ஸ்டாப்பில்தான் அம்மாவின் முகம் மறைந்தது!

ஆயினும் அளவு ஒன்றே அனைத்தும் அன்று. இரைச்சல் குறைந்த புதிய சிறிய உணரி, பழைய பெரிய உணரியை வெல்லக்கூடும். இரு கேமராக்களை ஒப்பிடுவோர் தனிக்கட்டத்தை மட்டும் பாராமல், ஒரே அளவில் அச்சிட்ட முழுப் படங்களையே ஒப்பிட வேண்டும். இன்றைய கைப்பேசிகள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கி இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. ஆனால் ஆள் அசைந்தால் படம் கலங்கலாம்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்ததை அம்மாவிடம் டம்ளரும் அண்டாவும் வைத்தே விளக்கினேன். குறை நிறத்தில் இல்லை, டம்ளரில்தான் என்றதும் சிரித்தாள். அண்ணன் எடுத்த படம் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.