புதுச்சேரிக்கு எத்தனை எழுத்து?

"புதுச்சேரி" என்ற பெயரில் எத்தனை எழுத்து இருக்கிறது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், விரல் விட்டு எண்ணும். பு, து, ச், சே, ரி. ஐந்து எழுத்து என்று சொல்லும்.

கம்ப்யூட்டரைக் கேட்டால்? பெரும்பாலும் "10" என்று சொல்லும்!

கணக்கில் புலி என்று பெயர் வாங்கிய எந்திரம், இதில் ஏன் தடுமாறுகிறது?

"பு" என்பது கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து அல்ல. "ப" தனி, உகரக் குறி தனி. "ச்" என்பதிலும் "ச" தனி. மேலே உள்ள புள்ளி தனி. இப்படி எண்ணுவதால் 5 எழுத்து 10 ஆகிவிடுகிறது.

பெயர் வெட்டுப்படும்!

"எண்ணிவிட்டுப் போகட்டுமே, நமக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது.

ஒரு விண்ணப்பத்தில், பெயருக்கு 10 எழுத்து இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "கிருஷ்ணமூர்த்தி" என்பதில் 8 எழுத்துதான். தாராளமாக அடங்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அது 15! பத்தோடு வெட்டிவிட்டால், மிஞ்சுவது "கிருஷ்ணமூர" என்பதுதான்.

பிள்ளையின் சான்றிதழில் பெயர் இப்படி வந்தால், அலைவது யார்? பெற்றோர்தானே?

இந்த நோய்க்கு மருந்து சில வரிகள்தான். "குறி வந்தால் தனியாக எண்ணாதே, முன்னால் உள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணு" என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதினால் போதும். கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளுக்கு "நிரல்" என்று பெயர். இது ஒரு சின்னஞ்சிறு நிரல். துண்டு நிரல் என்று சொல்லலாம்.

முத்து அண்ணாமலை என்ற பொறியாளரும் நண்பர்களும் இப்படிப்பட்ட துண்டுகளைச் சேர்த்து, "ஓப்பன் தமிழ்" என்ற தொகுப்பை உருவாக்கினார்கள். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் நிரலும் அதில் உண்டு. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஒருவர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தார். மற்றவர்களுக்கு அந்தப் பாடு மிச்சம்!

இரும்பு அலமாரியில் நிரல்கள்

இந்த வழக்கம் நேற்று வந்தது அல்ல. கம்ப்யூட்டர் பிறந்த காலத்திலேயே வந்துவிட்டது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 1949-ம் ஆண்டு மே 6-ந் தேதி "எட்சாக்" என்ற கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. அதற்குக் கட்டளையைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுக்க வேண்டும்.

அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கு, அங்கிருந்த நிபுணர்கள் தனித்தனி நாடா தயாரித்தார்கள். அவற்றை ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். வேண்டியவர் எடுத்து, தம் நாடாவில் படி எடுத்துக்கொள்வார். 1951-ல் அந்தத் தொகுப்பில் 87 துண்டு நிரல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த ஆண்டில் புத்தகமும் வெளிவந்தது.

படி எடுத்தால் பிழை

அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் நிபுணர் இருந்தார். அவரும் தோழர்களும் பயனுள்ள நிரல்களை நோட்டில் எழுதி வைத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு சங்கடம்! எழுதும்போது எழுத்து மாறிவிடும். "பி" என்ற ஆங்கில எழுத்து, 13 என்ற எண்ணாகிவிடும்.

மனிதன் படி எடுத்தால் பிழை வரும். எந்திரமே எடுக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். துண்டுகளை எந்திரமே எடுத்துக் கோக்கும் நிரலை 1952-ல் உருவாக்கினார்.

புதுச்சேரிக்கு இது புதிய செய்தி அல்ல. செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் அங்கே உள்ளன.

ஓலை மக்கும். அதனால் நம் முன்னோர் மறுபடி மறுபடி படி எடுத்தார்கள். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவதும் உண்டு. பிழையும் கூடவே புகுந்தது. அதனால்தான் அறிஞர்கள் ஒரே ஏட்டை நம்புவது இல்லை. பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

நிரல் சேர்ப்பவருக்கும் அதே பாடம்தான்!

இரண்டு யோசனைகள்

நிரலோடு, அனுபவசாலிகளின் யோசனைகளையும் சேர்த்து வைப்பது உண்டு. புதுச்சேரியை வைத்தே இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று: ஊர்ப் பெயரை நூறு இடத்தில் எழுதாதே. ஓரிடத்தில் எழுதி, மற்ற இடங்களில் "அங்கே பார்" என்று சொல். "பாண்டிச்சேரி" என்ற அரசாங்கப் பெயர் 2006-ல் "புதுச்சேரி" என்று மாறியது அல்லவா? ஓரிடத்தில் எழுதியவருக்கு ஒரு திருத்தம். நூறு இடத்தில் எழுதியவருக்கு நூறு திருத்தம்!

இரண்டு: தேதியில் ஆண்டை முதலில் எழுது. புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1-ந் தேதி. அதை 01-11-1954 என்று எழுதினால், அமெரிக்கர் ஜனவரி 11 என்று படிப்பார். 1954-11-01 என்று எழுதினால் குழப்பம் இல்லை. வரிசைப்படுத்தவும் எளிது.

11 வரி செய்த கூத்து

இரவல் நிரலில் ஆபத்தும் உண்டு.

ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்க்க, ஒருவர் 11 வரி நிரல் எழுதிப் பொதுத் தொகுப்பில் வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான நிரல்கள் அதை நம்பி இருந்தன. 2016 மார்ச் மாதம் அவர் அதை எடுத்துவிட்டார். அவ்வளவுதான்! உலகம் எங்கும் பல நிரல்களைத் தயாரிக்க முடியாமல் போயிற்று. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்த பிறகுதான் நிலைமை சீரானது.

வேண்டியதைப் படி எடுத்துத் தம்மிடமும் வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை.

இப்போது செயற்கை அறிவு எந்திரம், கேட்டவுடன் நிரல் எழுதிக் கொடுக்கிறது. அதுவும் தவறு செய்யும். யார் கொடுத்தாலும் சோதித்துப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது.

எப்படிச் சேர்ப்பது?

நிரல் படிக்கும் பிள்ளைகள், ஒவ்வொரு துண்டின் தலையிலும் நான்கு வரி எழுதி வைக்க வேண்டும்.

இது என்ன வேலை செய்யும்?

யார் எழுதியது? பயன்படுத்த அனுமதி உண்டா?

என்ன கொடுத்தால் என்ன வரும்? ("புதுச்சேரி" கொடுத்தால் 5 வர வேண்டும்.)

எந்த நாளில் சோதித்தது?

இந்த நான்கும் இல்லாத துண்டு, பெயர் ஒட்டாத மருந்து சீசா மாதிரி. ஆறு மாதம் கழித்து, எழுதியவருக்கே விளங்காது!

கொடுத்தால் குறையாது

சேர்த்ததைப் பூட்டி வைத்தால் பயன் இல்லை. யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று விடுவதற்குக் "கட்டற்ற மென்பொருள்" என்று பெயர். புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கத்தினர் இந்தக் கருத்தைப் பரப்பி வந்திருக்கிறார்கள். 2012-ல் தொடங்கிய "கணியம்" என்ற இதழ், இத்தகைய செய்திகளை எளிய தமிழில் இலவசமாகக் கொடுத்தது. ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் நிரல் எழுதக் கற்கலாம் என்ற துணிவு அதனால் வந்தது.

அரிசியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால், பானையில் ஒரு படி குறையும். நிரலைக் கொடுத்தால் ஒரு வரி கூடக் குறையாது. வாங்கியவர் அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் லாபம்தான்!