பனி வண்டியும் ஊசித்துளையும்

கனடாவின் கியூபெக் மாகாணத்திற் பிறந்த ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் 1934இல் தம் இளமகனை இழந்தார். பாதையைப் பனி மூடியிருந்தமையால் நோயுற்ற குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பனிமேல் ஓடும் ஊர்தியை இளமை முதலே ஆராய்ந்துவந்த அவரது உழைப்பு, 1959இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறுவண்டியாய் வடிவுற்றது. இவ்வரலாற்றை யான் கேட்டது, ஒன்ராறியோவின் வடபாலுள்ள ஏரிக்கரையொன்றில், என் பழைய மாணாக்கர் ஒருவரது கொட்டிலில், 1970களிற் செய்யப்பட்ட அத்தகைய வண்டியொன்றின் பக்கத்தில் நின்றபோதாகும்.

வண்டி புறப்பட்டது, சோக்கை மூடியதும் நின்றது. மீண்டும் திறந்தார், ஓடிற்று. மூடினார், நின்றது.

“தம்பி, திறந்தபடியே ஏரியைக் கடந்துவிடலாமே?”

“கடக்கத் தொடங்கலாம், ஐயா. கரை சேர்வது நிச்சயமில்லை.”

காரணத்தையும் சொன்னார். காபரேற்றர் என்பது காற்றையும் பெற்றோலையும் அளந்து கலக்கும் கருவி. சோக் பெற்றோலைக் கூட்டுவது. அதனால் மட்டுமே உயிர்க்கும் இயந்திரம், வேறெங்கோ பெற்றோலின்றி வாடுகின்றது. இப்பழைய வண்டியிலோ பெற்றோலுடன் கலந்த எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு மசகாகும். பெற்றோல் குறையின் எண்ணெயும் குறையும். வேகத்தில் பிஸ்ரன் சூடேறி இறுகிவிடும். குளிரும் இதற்குத் துணைபோகும்: 0 பாகைக் காற்றிலும் −30 பாகைக் காற்று ஏறத்தாழ 12 சதவீதம் செறிவுடையது. அதற்கேற்பப் பெற்றோலும் மிகல் வேண்டும்.

குழாயை அடைத்துவிட்டுக் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். கோடையில் வடித்தகற்றாது விட்ட பெற்றோல் காய்ந்து, பாணிபோற் படிந்திருந்தது. சிறிய ஜெற்றை விளக்கொளியிற் பிடித்தார். அதன் துளை அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அதனூடே ஒளி புகவில்லை.

“கம்பியாற் குத்தினால் என்ன?”

“துளை பெருத்துவிடும் ஐயா; பிறகு அளவு பிழைக்கும்.”

சிதைந்த ஏட்டைத் தெளிவிக்கப் புகுந்து பாடத்தையே மாற்றிவிடும் பதிப்பாசிரியர் சிலர் என் நினைவிற்கு வந்தனர், பெயர் சொல்லேன்.

கழுவு திரவத்தில் ஊறவிட்டு, காற்றைச் செலுத்தித் துளையைத் திறந்தார். காபரேற்றரை இயந்திரத்தோடு இணைக்கும் இறப்பரையும் வளைத்துப் பார்த்தார். அதில் வெடிப்பிருப்பின் வேண்டாக் காற்றுப் புகுந்து இதே குறியைக் காட்டுமாம். வெடிப்பில்லை.

பிற்பகலில் ஏரியைக் கடந்தோம். அக்கரையில் இயந்திரத்தை நிறுத்தி, முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றினார். வெளுத்திருந்தால் பெற்றோல் இன்னும் போதாது. கறுத்து நனைந்திருந்தால் மிகை. அதுவோ பாற்றேநீரின் நிறமாயிருந்தது. அதன் பின்னரே எங்கள் தேநீர்ப் போத்தலைத் திறந்தார்.