தண்ணீர் காணாமல் போகும் தண்ணீர்ப் படம்

ஹாலிவுட் மொத்தமும் பேசும் படத்துக்குத் தாவிக்கொண்டிருந்த 1929இல், அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரால்ஃப் ஸ்டெய்னர் மௌனப் படம் ஒன்றை எடுத்தார். சுமார் 12 நிமிடம் ஓடும். நடிகர் கிடையாது, கதை கிடையாது. பெயர் 'ஹெச் டூ ஓ'. டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுக் கேமராவைப் பிடித்தவர் தண்ணீருக்கு வேறென்ன பெயர் வைப்பார்?

தொடக்கத்தில் பம்ப், கொட்டும் நீர், மழைத்துளி, ஓடை என்று நாம் அறிந்த தண்ணீர்தான் வருகிறது. பிறகு லென்ஸ் நீர்ப்பரப்பை நெருங்க நெருங்க, கரையும் வானமும் சட்டகத்தைவிட்டு நழுவுகின்றன. கடைசியில் மிஞ்சுபவை கறுப்பு வெள்ளைக் கோடுகளும் வளையங்களும் மட்டுமே. அவை நெளிகின்றன, பிளக்கின்றன, ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கேமராத் தந்திரம் எதுவும் இதில் இல்லை. சினிமா வரலாற்றுக்காரர்கள் இதை நவீன ஓவியத்தோடு சேர்த்துப் பேசுவார்கள். எனக்கோ இது ஒளியியல் பாடமாகத்தான் தெரிகிறது.

அந்தக் காட்சிகளில் நாம் பார்ப்பது தண்ணீரையே அல்ல. வானத்திலும் கரையிலும் இருந்து வந்து, நீரில் பட்டுத் திரும்பிய ஒளியை. நேராகக் குனிந்து பார்த்தால் நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே திருப்பி அனுப்பும். குளத்தின் அடித்தரை தெரிவது அதனால்தான். பார்வை சாயச் சாய இந்த அளவு கூடும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தால் 6 சதவீதம். 80 பாகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெல் வகுத்த கணக்கு இது.

பரப்பு அசையாமல் இருந்தால் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஓடும் நீரில் சிற்றலையின் முகடு குவியாடி, பள்ளம் குழியாடி. பொருட்காட்சியில் ஆளை நெட்டையாகவும் குட்டையாகவும் காட்டும் கண்ணாடி நொடிக்கு நொடி தன் வளைவை மாற்றிக்கொண்டால் எப்படியிருக்கும், அப்படி. மின்னும் ஒளிப்புள்ளி ஒன்றை மட்டும் விடாமல் கவனித்தால் ஒரு விசித்திரம் புரியும். அது தனியாக அணைவதில்லை. பக்கத்துப் புள்ளி ஒன்றோடு மோதி, இரண்டும் சேர்ந்தே மறையும். புதியவையும் இரண்டிரண்டாகத்தான் பிறக்கும். அலைகளை ஆராய்ந்த பிரிட்டனின் மைக்கேல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் 1960இல் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டெய்னரின் பிலிம் சுருளில் இது பதிவாகிவிட்டது. அவர் எந்தச் சமன்பாட்டையும் தேடிப் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அலைகளிலும் இரண்டு சாதி உண்டு. முகட்டுக்கு முகடு சுமார் 1.7 சென்டிமீட்டருக்குக் குறைவான சிற்றலைகளைப் பரப்பு இழுவிசை ஆள்கிறது. அதற்கு மேற்பட்டவற்றைப் புவியீர்ப்பு ஆள்கிறது. வேகமான ஓடையில் நிற்கும் கல்லைப் பாருங்கள். நீர் வந்து மோதும் பக்கம் நெருக்கமான நுண்வரிகள், கடந்துபோகும் பக்கம் அகன்ற அலைகள். ஒரே கல்லின் இருபுறமும் இரண்டு வெவ்வேறு விசைகள் வேலை செய்கின்றன.

'ஃபோட்டோப்ளே' என்ற சினிமா இதழ் இந்தப் படத்துக்கு 500 டாலர் பரிசு கொடுத்தது. 2005இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இது இடம்பிடித்தது. பார்க்க வாய்த்தால், யாராவது இசை சேர்த்த பிரதியாக இருந்தாலும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசை கூடினால் கண் தாளத்தைத்தான் பின்தொடரும், அலையை அல்ல.